முதியோர்க்கு வரும் மறைநோய்
(ஆண்டிமடத்தில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



நம் வீட்டுப் பெரியவர் ஒருவர், "இடுப்பு நோகிறது" என்றால் நாம் செய்வது யாது? முந்திரித் தோப்பில் குனிந்து கொட்டை பொறுக்கியதால் வந்த பிடிப்பென்று தைலம் தடவுகின்றோம். பெரும்பாலும் அஃது உண்மையே. ஆயினும், சில வேளைகளில் அந்நோவு புராஸ்டேட் சுரப்பியில் தோன்றிய புற்றுநோயின் முதற்குறியாக இருத்தலும் உண்டு.

ஆண்களின் நீர்ப்பைக்குக் கீழே அமைந்தது இச்சுரப்பி. சிறுநீர் தடைப்படுதலும் இரவிற் பன்முறை எழுதலும் பலரும் அறிந்த குறிகள். அவை முதுமையின் சாதாரண வீக்கத்திலும் வரும். ஆனால், சிறுநீர்த் துன்பம் சிறிதுமின்றியே இப்புற்று எலும்பிற் குடிபுகுவதுண்டு. இடுப்புக்குழியின் சிரைகள் முதுகெலும்பின் சிரைகளோடு தொடர்புற்றிருத்தலை 1940-இல் பாட்சன் என்னும் அமெரிக்க அறிஞர் எடுத்துக்காட்டினார்.

இந்நோய் வேறு வேடங்களும் பூணும். கழுத்திற் கட்டியாகத் தோன்றிக் க்ஷயரோகமென மயங்கச் செய்யும், கால் வீங்கும், இரத்தம் குன்றிச் சோர்வு மிகும், சிறு இடறலில் எலும்பு முறியும். பிரான்சு தேசாதிபதி மித்தரானுக்கு 1981-இல் இந்நோய் கண்டபோதே அது எலும்பிற் பரவியிருந்தது. அவர் சிகிச்சை பெற்று, 1996 வரை உயிர் வாழ்ந்தார். ஆதலால், எலும்பிற் பரவியதென்று கேட்டவுடன் நம்பிக்கை இழத்தல் வேண்டா. ஆண்தன்மைச் சுரப்புநீரைக் குறைத்தால் இந்நோய் ஒடுங்குமென்று 1941-இல் ஹக்கின்ஸ் காட்டினார். அதற்காக 1966-இல் நோபல் பரிசும் பெற்றார்.

ஒன்றை மட்டும் மறவாதீர். முதுகுவலியுள்ள முதியவருக்குக் கால்கள் தளர்ந்தாலும், மரத்தாலும், மலசலம் கட்டுக்கடங்காமற் போனாலும், அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். தண்டுவடம் நசுங்கியிருக்கக்கூடும். நாளைக்குப் பார்ப்போமென்று தாமதித்தால், போன நடை திரும்பாமலே போகலாம்.

வாரக்கணக்கில் நீடிக்கும் நோவுக்கும், இரவிற் படுத்தாலும் தணியாத நோவுக்கும் வைத்தியரை நாடுவோமாக. அவர் விரலாற் பரிசோதிப்பார், பி.எஸ்.ஏ. என்னும் இரத்தப் பரிசோதனையும் செய்விப்பார். அவ்வளவு மிகுந்திருப்பதாலேயே புற்றென்று முடிவு செய்தல் ஆகாது. சாதாரண வீக்கத்திலும் அது மிகும். மேற்சிகிச்சைக்கு அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி உண்டு. புதுச்சேரியில் ஜிப்மர் உண்டு. சென்னை அடையாற்றில் 1954 முதல் புற்றுநோய் நிலையம் நடந்து வருகின்றது.

பெரியோர்களே! வெட்கத்தால் நோயை மறையாதீர். தாய்மார்களே! அவர்கள் மறைத்தால் நீங்கள் விடாது கேளுங்கள். பெரியோரைப் போற்றுதல் என்பது கைகூப்புதல் மட்டுமன்று; அவர்தம் நோவைச் செவிசாய்த்துக் கேட்டலுமாம்.