சுண்ணாம்புப் பாறைகளின் மேல் 22 கிலோமீட்டர்

(சங்கத்தின் கிளைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"நடைப்பயிற்சியைப் பற்றி இருபது நிமிஷம் பேசுங்கள்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் டாக்டர் இல்லை. வேதியியலில் பி.எஸ்ஸி. படித்துவிட்டு, அதற்குச் சம்பந்தமில்லாத அரசாங்கக் கோப்புகளில் ஆயுளைக் கழித்தவன். சர்க்கரை குறையும், கொழுப்பு கரையும் என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆகவே பார்க்கில் சுற்றுகிற நடையை விட்டுவிட்டு, காலையில் தொடங்கி மாலையில் முடியும் ஒரு முழுநாள் நடையைப் பற்றிச் சொல்கிறேன். நம் அங்கத்தினர்களில் பலருக்குப் பிள்ளையோ பெண்ணோ வெளிநாட்டில் இருக்கிறார்கள். ஆறு மாதம் அங்கே போய்த் தங்குகிறவர்களுக்கு இது பயன்படலாம்.

அரசாங்க வேலையாக மூன்று வருஷம் லண்டனில் இருந்தேன். அப்போது, 1996 ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை, ஒரு நண்பருடன் இங்கிலாந்தின் தென்கரையில் சீஃபோர்டிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை நடந்தேன். சுமார் 22 கிலோமீட்டர். நண்பர் லால்குடிப் பக்கத்துக்காரர். லண்டனில் ஒரு வங்கியில் உத்தியோகம். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர்.

முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன். லண்டன் விக்டோரியா ஸ்டேஷனில் ரயில் ஏறி, லூயிஸ் என்ற ஊரில் மாறினால் சீஃபோர்டு. மேற்கிலிருந்து கிழக்காக நடப்பது நல்லது. அந்தக் கரையில் பெரும்பாலும் தென்மேற்குக் காற்றுதான். முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டே வரும். கடல் எப்போதும் வலது பக்கம் இருக்கும். "சமுத்திர ராஜனைப் பிரதட்சிணம் பண்றோம் ஸார்" என்றார் நண்பர்.

சீஃபோர்டு ஹெட் என்ற மேட்டில் ஏறி இறங்கினால் கக்மியர் என்ற சிற்றாறு கடலில் கலக்கும் இடம் வரும். எதிர்க்கரை கூப்பிடு தூரம்தான். ஆனால் முகத்துவாரத்தில் பாலம் கிடையாது. ஆற்றோடு உள்நாட்டுக்குள் நடந்து எக்ஸீட் என்ற இடத்தில் பாலத்தைக் கடந்து, மறுகரை வழியாகத் திரும்பக் கடலுக்கு வர வேண்டும். பழைய ஆறு பாம்பு போல வளைந்து கிடக்கிறது. 1846ல் நேராக ஒரு கால்வாய் வெட்டித் தண்ணீரை அதில் திருப்பிவிட்டார்கள். வளைவுகள் ஓட்டமில்லாமல் அப்படியே நிற்கின்றன.

அதற்கப்புறம்தான் 'ஏழு சகோதரிகள்'. வரிசையாக வெள்ளை வெளேரென்று கடலைப் பார்த்து நிற்கும் சுண்ணாம்புப் பாறைக் குன்றுகள். நம் சப்த கன்னிகைகள் மாதிரி ஏழு என்று பெயர். எண்ணிப் பார்த்தால் எட்டு இருக்கும். எல்லாவற்றிலும் உயரமான முதல் குன்று, ஹேவன் ப்ரோ, 77 மீட்டர்தான். பழனி மலை ஏறியவர்களுக்கு இது ஒரு பொருட்டா என்று தோன்றும். ஆனால் ஏறிய உயரத்தை ஒவ்வொரு தடவையும் இறங்கித் தொலைத்துவிட்டு மறுபடி ஏற வேண்டும். நாள் முழுதும் சேர்த்தால் மொத்த ஏற்றம் 500 மீட்டரைத் தாண்டும். ஐந்தாவது சகோதரியிடம் வரும்போது முழங்கால் பேச ஆரம்பித்துவிடும்.

அந்தப் பாறை என்ன என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். அது கால்சியம் கார்பனேட். கடலில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு வகைப் பாசியின் உடலை மூடியிருந்த நுண்ணிய தகடுகள். ஒரு தகடு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு அகலம். சுமார் 8, 9 கோடி வருஷங்களுக்கு முன், டைனோசர்கள் இருந்த காலத்தில், அந்தப் பிரதேசம் கடலுக்கடியில் இருந்தது. பாசி செத்துச் செத்து அடியில் படிந்தது. ஆயிரம் வருஷத்துக்கு ஓரிரண்டு சென்டிமீட்டர். இரண்டு என்றே வைத்துக்கொண்டாலும் 77 மீட்டர் சேர ஏறக்குறைய 40 லட்சம் வருஷம் ஆகிறது. நடுநடுவே கறுப்புக் கோடு போட்டது போலச் சக்கிமுக்கிக் கல் வரிசைகள் தெரியும். அவை கடற்பஞ்சு போன்ற உயிர்களின் சிலிக்காவிலிருந்து உண்டானவை.

இதைத் தாமஸ் ஹக்ஸ்லி 1868ல் நார்விச் நகரத்துத் தொழிலாளிகளுக்கு ஒரு சொற்பொழிவாகவே சொன்னார். கையில் ஒரு சுண்ணாம்புக் கட்டியை வைத்துக்கொண்டு பூமியின் கதையைச் சொன்ன அந்தப் பேச்சு இன்றும் படிக்கப்படுகிறது. அவர் கடைசிக் காலத்தைக் கழித்து 1895ல் காலமானது, இந்த நடை முடிகிற ஈஸ்ட்போர்னில்தான். நான் இதைச் சொன்னதும் நண்பர், "அரியலூர்ல நான் சின்ன வயசுல பொறுக்கின சங்குக் கல்லும் இந்தக் காலம்தானா?" என்று கேட்டார். அதே கிரெடேஷியஸ் காலம்தான். இங்கே கடல் இருந்தபோது அரியலூரிலும் கடல் இருந்தது. அங்கே படிந்த சுண்ணாம்பு இன்று சிமெண்டாகப் போகிறது.

அந்தப் பாறைகள் ஏன் இவ்வளவு வெள்ளையாக இருக்கின்றன தெரியுமா? யாரும் வெள்ளையடிக்கவில்லை, தினமும் இடிந்துகொண்டிருப்பதால்தான் வெள்ளை. அலை அடியை அரிக்கிறது, மேலே உள்ளது விழுகிறது, புது முகம் வெளியே வருகிறது. அரிப்பு நின்ற இடத்தில் புல் முளைத்துப் பாறை பச்சையாகிவிடும். இந்தக் கரை சராசரியாக வருஷத்துக்கு 30, 40 சென்டிமீட்டர் பின்வாங்குகிறது.

ஹேவன் ப்ரோவின் உச்சியில் கட்டுச்சாதத்தைப் பிரித்தோம். நண்பர் வீட்டு மாமி புளியோதரையும் தயிர்சாதமும் கொடுத்தனுப்பியிருந்தார். சாப்பிடுவதற்கு முன் நண்பர், பையிலிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளரை எடுத்துத் தண்ணீர் விட்டுக்கொண்டு மாத்யாஹ்னிகம் செய்தார். அவர்கள் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைப்பதால், அங்கே சூரியன் உச்சிக்கு வருவது பகல் ஒரு மணிக்கு. அந்த உச்சியும் நம்மூர் உச்சி இல்லை. ஜூன் மாதத்தில்கூட 63 டிகிரியைத் தாண்டாது. ஆட்டு மந்தை ஒன்று நின்று வேடிக்கை பார்த்தது.

அதுவரை அவர் பேசியதெல்லாம் ஆபீஸ், கிரிக்கெட், பையனின் படிப்பு. எட்டுக் குன்றும் இறங்கி பர்லிங் கேப் என்ற இடத்துக்கு வந்தோம். அங்கே கடலோரக் காவலர்களுக்காக 19ஆம் நூற்றாண்டில் கட்டிய வீடுகள் ஒரு வரிசையாக, விளிம்பை ஒட்டி நின்றன. கடல் நெருங்க நெருங்க, ஓரத்து வீட்டை இடித்துவிடுவார்கள்; அடுத்தது ஓரத்து வீடாகும். தடுப்புச் சுவர் கட்டுவதில்லை, கடலின் போக்கில் விட்டுவிடுவது என்பதே அங்கே நிலத்தை வைத்திருக்கும் நேஷனல் டிரஸ்டின் கொள்கை. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது நண்பர் திடீரென்று கேட்டார்: "ஸார், வருஷத்துக்கு ஒரு அடின்னா, அந்த ஓரத்து ஆத்துல இருக்கறவன் இன்னும் எத்தனை வருஷம் இருக்கலாம்னு கணக்குப் போடலாமோல்லியோ?"

"போட முடியாது" என்றேன். "ஒரு அடி என்பது சராசரிதான். பத்து வருஷம் ஒன்றுமே விழாது. அப்புறம் ஒரு மழைக்கால ராத்திரியில் பத்து அடி ஒன்றாகப் போகும். சராசரியை வைத்துக்கொண்டு யாரும் அங்கே நிம்மதியாகத் தூங்க முடியாது."

அவர் பதில் சொல்லவில்லை. எழுந்து நடந்தோம். அடுத்த மேட்டில் ஏறும்போது, முன்னால் பார்த்தபடியே சொன்னார்: "அம்மாவுக்கு எண்பத்தொண்ணு ஆறது. லால்குடில தனியாத்தான் இருக்கா. பையன் படிப்பு முடிய நாலு வருஷம், பென்ஷன் முழுசா வர ஆறு வருஷம். அப்புறம் ஊரோட போயிடலாம்னு கணக்குப் போட்டு வெச்சிருந்தேன். வருஷா வருஷம் பாக்கறேன், கொஞ்சம் கொஞ்சமாத்தான் தளர்றா, இன்னும் ஆறு வருஷம் தாங்கும்னு."

நான் யோசனை எதுவும் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. சொல்லிக்கொண்டே வந்தார், நான் கேட்டுக்கொண்டே நடந்தேன். தங்கை வீட்டில் போய் இருக்க அம்மா மறுத்தது, லண்டனுக்கு ஒரு தடவை வந்து குளிர் தாங்காமல் இரண்டே மாதத்தில் திரும்பியது, தொலைபேசியில் "நான் சௌக்கியம், நீ கவலைப்படாதே" என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சொல்வது. இரண்டு வருஷப் பழக்கத்தில் ஒரு நாளும் வாய் திறக்காதவர். எதிரெதிராக நாற்காலி போட்டு உட்கார்ந்தால் சொல்லியிருக்கமாட்டார் என்பது என் நிச்சயமான எண்ணம். பக்கத்தில் பக்கத்தில் நடக்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. மூச்சு வாங்குகிறது என்று நடுவில் நிறுத்திக்கொள்ளலாம். அரை மணி சும்மா இருந்தாலும் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

மேட்டின் மேல் பெல் டௌட் என்ற பழைய கலங்கரை விளக்கம். 1834ல் ஏற்றியது. பாறை உச்சியில் கட்டியதால், மூடுபனி வந்தால் வெளிச்சம் கப்பலுக்குத் தெரியாது. ஆகவே 1902ல் பீச்சி ஹெட் பாறையின் அடியில், கடலுக்குள்ளேயே, 43 மீட்டர் உயரத்தில் வேறொன்றைக் கட்டினார்கள். அதுதான் படங்களில் வரும் சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட கோபுரம். பீச்சி ஹெட் 162 மீட்டர் உயரம். பெயரில் 'பீச்' இருந்தாலும் கடற்கரைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை; 'அழகிய தலை' என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல் மருவியது. மார்க்ஸின் தோழர் எங்கெல்ஸின் அஸ்தி 1895ல் கரைக்கப்பட்டது அந்தக் கடலில்தான். அங்கிருந்து ஈஸ்ட்போர்ன் வரை இறக்கம். மாலை ஆறரைக்கு ஊருக்குள் வந்தோம். ஒன்பது மணிக்கு மேல்தான் அஸ்தமனம் என்பதால் பட்டப்பகல் போல் வெயில்.

நான் சொன்ன சராசரிக் கணக்குக்குச் சாட்சி மூன்று வருஷத்தில் வந்தது. 1999 ஜனவரியில் பீச்சி ஹெட்டில் லட்சக்கணக்கான டன் பாறை ஒரே சரிவாக விழுந்து கடலுக்குள் நீண்டது. அதே மார்ச்சில் பெல் டௌட் விளக்கத்தை, சுமார் 850 டன் எடையுள்ள கட்டடத்தை, அடியில் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, தண்டவாளம் போன்ற உத்தரங்களின் மேல் 17 மீட்டர் உள்ளே தள்ளி வைத்தார்கள். விழுவதற்கு முன்னால் செய்ததால் செய்ய முடிந்தது.

நண்பர் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். 1997ல் பென்ஷன் குறைந்தாலும் பரவாயில்லை என்று விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு லால்குடிக்குப் போனார். மாமியும் பையனும் படிப்புக்காக மூன்று வருஷம் அங்கேயே இருந்தார்கள். அது லேசான காரியம் அல்ல. குடும்பம் இரண்டாகப் பிரிந்தது, பணமும் இறுக்கம். அம்மா 2000ல் காலமானார். "மூணு வருஷம் கெடச்சுது ஸார். தெனம் கார்த்தால காபி போட்டுக் கொடுத்தேன்" என்றார் தொலைபேசியில். முதலில் போட்ட ஆறு வருஷக் கணக்கில் அந்த மூன்று வருஷமும் இருந்திருக்காது.

எல்லோரும் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவும் இதைச் சொல்லவில்லை. அவரவர் குடும்பம், அவரவர் சக்தி. வர முடியாதவர்களும் எத்தனையோ விதத்தில் பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் நாமும் ஒன்றை யோசிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசியில் "சௌக்கியம்" என்று சொல்லி வைத்துவிடுகிறோம். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் பிள்ளைகள் சராசரிக் கணக்குப் போடுகிறார்கள். முழங்கால் எப்படி இருக்கிறது, ராத்திரியில் எழுந்தால் பயமாக இருக்கிறதா, யார் துணை, கையில் எவ்வளவு இருக்கிறது என்பதை உள்ளபடி சொன்னால்தான் அவர்கள் போடும் கணக்கு சரியாக இருக்கும். நாமும் அவர்களுடைய கஷ்டத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அதற்கு டி.வி. ஓடும் ஹால் சரியான இடம் இல்லை. அடுத்த தடவை போகும்போது பிள்ளையையோ பெண்ணையோ ஒரு நாள் நடக்கக் கூட்டிக்கொண்டு போங்கள். 22 கிலோமீட்டர் வேண்டாம். முடிந்த ஐந்து போதும்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். புதுச் செருப்போ ஷூவோ போட்டுக்கொண்டு கிளம்பாதீர்கள். இரண்டு வாரம் பழக்கியதாக இருக்கட்டும். மாற்றுக் காலுறை ஒன்று பையில் இருக்கட்டும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இனிப்பு வைத்துக்கொள்ளவும். வெயில் அடித்தாலும் மழைக்கோட்டு. கடலடியில் இறங்குவதானால் ஓதம் ஏறும் நேரம் பார்த்துக்கொள்ளவும். பாறைக்கும் அலைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் ஏற வழியில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, விளிம்பிலிருந்து குறைந்தது ஐந்து மீட்டர் தள்ளி நடக்கவும். மேலே நிற்பவருக்குப் புல்தரை தெரியும். அடியில் பாறை இருக்கிறதா இல்லையா என்பது தெரியாது. 2017ல் ஏழு சகோதரிகள் குன்றில் ஒரு வெளிநாட்டு மாணவி படம் எடுப்பதற்காக விளிம்பில் குதித்து, கீழே விழுந்து உயிரிழந்தாள். எந்தப் படமும் அதற்கு ஈடு இல்லை.

 காபி தயாராக இருப்பதாகச் செயலாளர் ஜாடை காட்டுகிறார்.