வாளேந்திய கை நிலம் பங்கிட்டது

(ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



பட்டாளத் தளபதிகள் நாட்டைப் பிடித்த கதைகள் நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். துப்பாக்கி முனையில் நாற்காலி ஏறுவார்கள். முதல் வேலையாகச் சங்கத்தைத் தடை செய்வார்கள். மறுநாள் நிலப்பிரபுவோடு விருந்துண்பார்கள். இன்று நான் சொல்லப்போவது வேறு விதமான தளபதியின் கதை. மெக்ஸிகோ நாட்டின் ஜெனரல் லாசரோ கார்டினாஸ்!

1895இல் ஒரு சிற்றூரில் பிறந்தவர். ஆரம்பப் பள்ளியோடு படிப்பு நின்றது. 16 வயதில் தந்தையை இழந்து, அச்சுக்கூடத்தில் வேலை செய்து தாயையும் தம்பி தங்கைகளையும் காப்பாற்றினார். 18 வயதில் புரட்சிப் படையில் சேர்ந்தார். 25 வயதில் ஜெனரல்.

அந்தப் புரட்சி ஏன் மூண்டது? அன்றைய மெக்ஸிகோவில் கிராமத்து நிலமெல்லாம் பெரும் பண்ணைகளுக்குள் போயிருந்தது. கூலிக்காரன் பண்ணைக் கடையிலேயே கடன் வாங்க வேண்டும். தகப்பன் கடனை மகன் உழைத்துத் தீர்க்க வேண்டும். 1910இல் ஜனங்கள் ஆயுதம் எடுத்தார்கள். 1917இல் புதிய அரசியல் சட்டம் வந்தது. உழவனுக்கு நிலம், தொழிலாளிக்கு 8 மணி நேர வேலை என்று எழுதினார்கள். ஆனால் சட்டம் ஏட்டில் இருந்தது. நிலம் பண்ணையாரிடம் இருந்தது!

1934இல் கார்டினாஸ் ஜனாதிபதியானார். பழைய தலைவர் காயேஸ், இவர் தம் கைப்பொம்மையாக இருப்பார் என்று எண்ணினார். கார்டினாஸோ தம் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். சாபுல்தெபெக் கோட்டை மாளிகையில் குடியேற மறுத்தார். தினமும் ஒரு மணி நேரம் எந்த ஏழையும் காசில்லாமல் தமக்குத் தந்தி அடிக்கலாம் என்றார். வேலைநிறுத்தங்களை ஒடுக்கச் சொன்ன காயேஸை 1936இல் விமானத்தில் ஏற்றி நாட்டை விட்டே அனுப்பினார்.

அதே 1936 ஆகஸ்டில் லா லகூனா பருத்திச் சீமையில் விவசாயத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பண்ணையார்கள் கருங்காலிகளை இறக்கினார்கள். தொழிலாளர் அசையவில்லை. அக்டோபரில் சர்க்கார் உத்தரவு வந்தது: பாசன நிலம் உழைப்பவர்களுக்கே! 30,000க்கு மேற்பட்ட விவசாயத் தொழிலாளர்கள் நிலம் பெற்றார்கள். தனித்தனித் துண்டாக அல்ல. கூட்டாகச் சாகுபடி செய்ய. கடன் கொடுக்கத் தனி வங்கி. பண்ணை அடியாட்களைச் சமாளிக்க விவசாயிகளுக்குத் துப்பாக்கியும் கொடுத்தார். 6 ஆண்டுகளில் அவர் பங்கிட்ட நிலம் சுமார் 4.5 கோடி ஏக்கர். அவருக்கு முன் ஆண்டவர்கள் எல்லாரும் சேர்ந்து கொடுத்ததைவிட அதிகம்!

அடுத்து எண்ணெய். அந்நியக் கம்பெனிகள் மெக்ஸிகோவின் எண்ணெயை உறிஞ்சின. 1937இல் எண்ணெய்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கம்பெனிகளால் 2.6 கோடி பெஸோ கூடுதலாகக் கொடுக்க முடியும் என்று தீர்ப்பாயிற்று. உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கம்பெனிகள் முடியாதென்றன. 1938 மார்ச் 18 இரவு கார்டினாஸ் வானொலியில் அறிவித்தார்: எண்ணெய் இனி நாட்டின் சொத்து! நஷ்ட ஈட்டு நிதிக்குப் பணக்காரச் சீமாட்டி நகை கொடுத்தாள். ஏழைத் தாய் கோழியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கம்பெனிகள் எண்ணெயைப் பகிஷ்கரித்தன. தொழிலாளர்கள் எண்ணெய்க் கிணறுகளைத் தாங்களே ஓட்டிக் காட்டினார்கள்.

தோழர்களே, குறையையும் சொல்ல வேண்டும். கார்டினாஸ் முதலாளித்துவத்தை ஒழிக்கவில்லை. தொழிலாளர் சங்கம் ஒரு பக்கம், விவசாயிகள் சங்கம் இன்னொரு பக்கம் என்று பிரித்து, இரண்டையும் ஆளுங்கட்சியோடு கட்டிப்போட்டார். 1940இல் அவர் பதவி விட்டு இறங்கியதும் கூட்டுச் சாகுபடிக்கான உதவியைப் பின்வந்தவர்கள் குறைத்தார்கள். எதிர்த்துக் கேட்க வேண்டிய சங்கங்கள் கட்சிக் கயிற்றில் கட்டுண்டு கிடந்தன. 1992இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி நில வினியோகத்துக்கே முற்றுப்புள்ளி வைத்தார்கள்.

1970இல் கார்டினாஸ் மறைந்தார். அவர் நேர்மையான மனிதர்; சந்தேகமில்லை. ஆனால் லா லகூனா உத்தரவில் அவர் கையெழுத்து விழுவதற்கு முன் பருத்திக் காட்டுக் கூலிகள் வேலையை நிறுத்தியிருந்தார்கள். எண்ணெய் உத்தரவுக்கு முன் எண்ணெய்த் தொழிலாளி வேலையை நிறுத்தியிருந்தான். நல்ல தலைவர் கையெழுத்துப் போடுவார். போட வைப்பதும், போட்டதைக் காப்பதும் யார் வேலை? யாருக்கும் அடகு போகாத சங்கத்தின் வேலை!