முடிந்து வைத்த புல்
(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

'சங்க இலக்கியத்தில் மலை' என்னும் பொருள் பற்றி இவ்விழாவில் உரையாற்றுமாறு செயலர் அவர்கள் பணித்தார்கள். குறிஞ்சித் திணையை முதல், கரு, உரி எனப் பகுத்து, மேற்கோள்களை அடுக்கிக் கட்டுரை ஒன்று படித்துவிட்டு அமர்வது எனக்கு எளிது. இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் நான் செய்துவரும் பணி அதுவே. இன்று அதனைச் செய்யப் போவதில்லை. ஒரு நாள் ஒரு மலைமீது ஏறி இறங்கினேன். அந்த ஒரு நாளில் என் இருபது ஆண்டுப் பாடம் எங்கெங்கே பழுதுபட்டிருந்தது என்று தெரிந்துகொண்டேன். அதனை உங்கள் முன்னிலையில் ஒப்புக்கொள்ளவே வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு பழைய பிழையைச் சொல்லிவிடுகிறேன். நம் வட்டத்தின் மூன்றாம் ஆண்டுத் தொகுப்பில் நான் ஒரு மலைப்பாட்டு எழுதியிருந்தேன். மலையின் மௌனத்தை வியந்து, அம்மௌனம் மனிதருக்கு வாய்க்கவில்லையே என்று இரங்கும் பாட்டு அது. பலரும் பாராட்டினீர்கள். நானும் மகிழ்ந்தேன். அப்போது நான் நாள்தோறும் வகுப்பில் நடத்திக்கொண்டிருந்த நூலோ மலைபடுகடாம்! மலையை யானையாகவும் அதில் எழும் ஓசைகளை அந்த யானையின் மதமாகவும் கண்ட புலவர், தம் நூலின் பெயரிலேயே மலை ஓயாமல் ஒலிப்பது என்று அறிவித்திருக்கிறார். காலையில் அதைக் கற்பித்துவிட்டு மாலையில் மலையின் மௌனத்தைப் பாடியவள் நான். இம்முரண் எனக்கும் தோன்றவில்லை, பாராட்டியவர்களுக்கும் தோன்றவில்லை.

மலைபடுகடாம் பத்துப்பாட்டில் பத்தாவது. 583 அடிகள் கொண்டது. கூத்தராற்றுப்படை என்றும் வழங்குவது. இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் செங்கண்மாத்து நன்னன் சேய் நன்னனைப் பாடியது. 1889ஆம் ஆண்டில் உ.வே. சாமிநாதையர் நச்சினார்க்கினியர் உரையுடன் பத்துப்பாட்டைப் பதிப்பித்தமையால் நமக்குக் கிடைத்தது. செங்கண்மா இன்றைய செங்கம். சேயாறு இன்றைய செய்யாறு. நூலில் வரும் நவிரமலை, திருவண்ணாமலை மாவட்டத்தில் கடலாடிக்கும் தென்மாதிமங்கலத்துக்கும் அருகே நிற்கும் பர்வதமலையே என்று அறிஞர் கருதுவர். நூலில் புலவர் நடுகற்களைக் காட்டுகிறார்; செங்கம் வட்டாரம் நடுகற்களுக்குப் பேர்பெற்றது. தமிழகத் தொல்லியல் துறை 1972இல் அவற்றைத் தொகுத்து நூலாக வெளியிட்டதைத் தாங்கள் அறிவீர்கள். இப்போது கிடைக்கும் கற்கள் நூலின் காலத்துக்குப் பிற்பட்டவையே. ஆயினும் கல் நட்டு வழிபடும் மரபு அந்த மண்ணில் அறாமல் நின்றது என்பதற்கு அவை சான்று.

இத்தனையும் எனக்கு மனப்பாடம். ஆனால் அம்மலையை நான் பார்த்ததில்லை. ஒரு நாள் இறுதியாண்டு மாணவி ஒருத்தி வகுப்பில் எழுந்து, "அம்மா, நீங்க அந்த மலைக்குப் போயிருக்கீங்களா?" என்று கேட்டாள். ஜவ்வாது மலையடிவாரத்துச் சிற்றூர்ப் பெண். "இல்லை" என்றேன். அவள் வேறொன்றும் கேட்காமல் அமர்ந்துவிட்டாள். அவள் அமர்ந்த விதம் என்னை உறுத்தியது. அடுத்த தை மாதத்து ஞாயிறு ஒன்றில், உடன் பணியாற்றும் பேராசிரியை ஒருவரும் அம்மாணவியும் நானுமாக மூவர் பர்வதமலைக்குப் புறப்பட்டோம்.

தென்மாதிமங்கலம் அடிவாரத்தை அடைந்தபோது இருள் பிரியவில்லை. வெயிலுக்கு முன் ஏறிவிடலாம் என்று விரைந்தோம். தேநீர்க் கடைக்காரர் தடுத்தார். "விடியட்டும்மா. பன்னி உலாத்துற நேரம்" என்றார். பெருங்கௌசிகனாரும் இதையே சொல்கிறார். காட்டுப்பன்றி வரும் வழிகளில் கானவர் பொறி வைத்திருப்பர். ஆகவே பொழுது புலர்ந்தபின் செல்லுங்கள் என்பது அவர் கூத்தர்க்குக் கூறும் அறிவுரை. தேர்வில் 'மலைவழியின் இடர்களைத் தொகுத்து எழுதுக' என்று நான் பத்து மதிப்பெண் வினா கேட்பதுண்டு. இந்த இடர் அதில் முதலாவதாக வரும். அதை எழுதாத மாணவருக்கு ஒரு மதிப்பெண் குறைத்திருக்கிறேன். அது ஒருவர் உயிரைக் காக்கச் சொன்ன சொல் என்று அன்று அந்தக் கடை வாசலில்தான் உணர்ந்தேன்.

முதலில் படிகள், பிறகு கல்லும் வேருமான கரடு, அதற்கும் மேலே பாறை செங்குத்தாக எழுகிறது. கடப்பாரைகளை அடித்து நட்டுச் சங்கிலி பிணைத்திருக்கிறார்கள். அவற்றைப் பற்றித்தான் ஏற வேண்டும். மலையின் உயரம் 4500 அடிக்கு மேல் என்பர். அந்த எண்ணை ஏட்டில் எழுதுவது வேறு. முழங்காலால் எழுதுவது வேறு. கடப்பாரைப் படியின் நடுவில் நான் நின்றபோது மேலே சென்றவர் காலில் பட்ட கல்லொன்று உருண்டு, எங்களைக் கடந்து கீழே போயிற்று. அது விழுந்து அடங்கும் ஓசை வெகுநேரம் கேட்டது. தினைப்புனம் காப்போர் யானையை விரட்டக் கவணில் எறியும் கற்கள் பாய்ந்து வரும், மரங்களின் மறைவில் ஒதுங்கிச் செல்லுங்கள் என்று புலவர் சொல்லும் இடம் அப்போதுதான் நினைவில் எழுந்தது. அந்தப் பகுதியை நான் 'உயர்வு நவிற்சி' என்று குறித்து வைத்திருந்தேன்.

உச்சியை நெருங்குகையில் மலை ஒடுங்கி, முதுகெலும்பு போலாகிவிடுகிறது. இருபுறமும் பள்ளம். வலப்பக்கம் பார்த்தாலும் மரங்களின் தலை. இடப்பக்கம் பார்த்தாலும் மரங்களின் தலை. அந்த முகட்டின்மேல் நடந்தபோதுதான் என் 'மௌனம்' முற்றிலும் கலைந்தது. பள்ளத்திலிருந்து காற்று இரைந்தது. எங்கோ நீர் சொட்டியது. விறகு வெட்டும் ஓசை ஒன்று அடியும் எதிரொலியுமாக இரண்டாகக் கேட்டது. கீழே குரங்குகள் கூச்சலிட்டன. மலைபடுகடாத்து ஓசைப் பட்டியலில் ஒரு மந்தி உண்டு. பிடியை மறந்த கணத்தில் அதன் குட்டி ஆழ்ந்த விடரில் விழுந்துவிட, அது சுற்றத்தோடு அரற்றும். புலி கீறிய கணவனின் புண் ஆறக் கொடிச்சி பாடும் பாட்டும் உண்டு. அருவியின் ஒலிக்கும் இவற்றுக்கும் அப்புலவர் வேற்றுமை பாராட்டவில்லை. மலையின் ஓசையில் பாதி, அங்கே வாழ்வோரின் துயரமும் உழைப்புமாக இருப்பதை அவர் கேட்டிருக்கிறார். மலையை மௌனமாகக் கேட்க வேண்டுமானால் தொலைவில், சன்னலருகே அமர்ந்திருக்க வேண்டும். நான் அப்படித்தான் அமர்ந்திருந்தேன்.

மல்லிகார்ச்சுனரை வணங்கிவிட்டு இறங்கத் தொடங்கியபோது பிற்பகல். இறங்குவது எளிது என்று எண்ணியிருந்தேன். என் கால்கள் நடுங்கின. பாதங்கள் கொப்புளம் கண்டன. விறலியரின் கல் பொருத சிற்றடியை, ஓடி இளைத்த நாயின் நாவுக்குப் புலவர் உவமை கூறுகிறார். மென்மையும் செம்மையும் பற்றி வந்த உவமை என்று இருபது ஆண்டுகள் கற்பித்தேன். ஒரு பாறையில் அமர்ந்து செருப்பைக் கழற்றிப் பார்த்தேன். களைத்துத் தொங்கும் நாவையே பார்த்தேன். அது அழகு கூறும் உவமை மட்டுமன்று, அம்மகளிர் எவ்வளவு தொலைவு நடந்தார்கள் என்று கூறும் உவமை. ஒரு பெண்ணாகிய எனக்கே இது காலில் பட்ட பிறகுதான் விளங்கிற்று என்பதை நாணத்தோடு சொல்கிறேன்.

தென்மாதிமங்கலத்து வழியும் கடலாடி வழியும் கூடுமிடத்தை அணுகும் வேளையில் பனிமூட்டம் இறங்கியது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. முன்னே சென்ற நான் அகலமாகத் தோன்றிய ஒரு தடத்தைப் பின்பற்றினேன். கால் மணி நேரம் நடந்த பிறகு அது ஆட்டுத்தடம் என்று தெரிந்தது. திரும்பினால் வந்த தடமும் தென்படவில்லை. கைப்பேசியில் தொடர்பு கிட்டவில்லை. நான் பதறி, எப்படியும் கீழ்நோக்கி நடந்தால் ஊர் வந்துவிடும் என்று அடியெடுத்து வைத்தேன்.

மாணவி என் கையைப் பற்றி நிறுத்தினாள். "நடக்கக் கூடாதும்மா. இங்கயே உக்காருங்க" என்றாள். அகன்ற பாறை ஒன்றில் எங்கள் இருவரையும் அமர்த்தினாள். சோறு கொண்டுவந்த எவர்சில்வர் தூக்கைக் காலி செய்து, கல்லொன்றை எடுத்து அதன்மேல் ஓங்கி ஓங்கித் தட்டினாள். நிறுத்திக் காது கொடுத்தாள். மறுபடியும் தட்டினாள். அரை மணி நேரம் சென்றிருக்கும். கீழிருந்து ஒரு குரல் வந்தது: "அங்கயே இருங்க! நவராதீங்க!"

அன்பர்களே, மலைபடுகடாம் படித்தவர்களுக்கு நான் மேற்கொண்டு விளக்க வேண்டுவதில்லை. குறவரே மயங்கும் குன்றில் வழி தவறினால், மேலும் நடவாமல் அகன்ற பாறையில் கூடி நின்று, உங்கள் இசைக்கருவிகளை முழக்குங்கள். ஆற்றில் அடித்துச் செல்லப்படுவோரின் கூக்குரல் கேட்டு ஓடி வருவோரைப் போலக் கானவர் விரைந்து வருவர் என்கிறார் புலவர். அதனை நான் எவ்வாறு நடத்தினேன் தெரியுமா? 'பண்டைத் தமிழரின் இசை ஈடுபாடு' என்னும் தலைப்பின்கீழ் நடத்தினேன்! "இந்தப் பாடத்தை நினைத்தா தட்டினாய்?" என்று மாணவியிடம் கேட்டேன். "இல்லம்மா, எங்க பாட்டி சொல்லிக் குடுத்தது" என்றாள்.

வந்தவர் ஆடு மேய்க்கும் முதியவர். "இன்னும் பத்தடி போயிருந்தா பள்ளந்தான்" என்று கடிந்துகொண்டார். வழிகள் கூடும் இடத்துக்கு எங்களைக் கொண்டுவந்து சேர்த்தார். நான் பணம் நீட்டினேன், வாங்கவில்லை. தோளில் கிடந்த கொடுவாளால் முட்கிளை ஒன்றை வெட்டி, நான் ஏமாந்த அந்தத் தடத்தின் குறுக்கே போட்டு, மேலே கல்லை வைத்தார். "வேற யாராச்சும் ஏமாந்துடக் கூடாதில்ல" என்றார். பிறகு ஆடுகளைத் தேடிப் பனிக்குள் இறங்கிப் போனார்.

மலைபடுகடாத்தில், பழக்கமில்லாத நிலத்தில் செல்லும் கூத்தருக்குப் புலவர் ஒரு கடமை விதிக்கிறார். வழிகள் பிரியும் இடத்தைத் துடைத்து, பின்வருவோர் அறியும்படி புல்லை முடிந்து வைத்துச் செல்லுங்கள் என்பது அது. ஆற்றுப்படை இலக்கியம் முழுவதும் அந்த ஒரு முடிச்சில் அடங்கியிருக்கிறது என்று இன்று நான் கருதுகிறேன். பரிசில் பெற்று மீள்பவன், பசியோடு எதிர்வருபவனைத் தனக்குப் போட்டியாக எண்ணவில்லை. தான் வழுக்கிய இடத்தைச் சொல்கிறான். பாசி படர்ந்த இடத்தில் எந்தக் கோலைப் பற்ற வேண்டும் என்று சொல்கிறான். மரம் போல் கிடக்கும் மலைப்பாம்பை விலகிப் போகச் சொல்கிறான். மன்னன் புகழ் நூலில் உண்டுதான். ஆனால் அப்புகழை அடையுமுன் நடந்தாக வேண்டிய வழியைப் புலவர் சுருக்கவில்லை.

இனி நம் வட்டத்துக்கு வருகிறேன். பத்தாண்டுகள் திங்கள்தோறும் தவறாமல் கூடியிருக்கிறோம். இது சிறிய செயலன்று. ஆயினும் முதலாண்டில் இந்த அரங்கில் பின்வரிசை முழுவதும் இளைஞர் இருந்தனர். இன்று முன்வரிசை நரைத்திருக்கிறது. பின்வரிசை காலியாக இருக்கிறது. தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் பழித்து ஆறுதல் அடைகிறோம். வந்த இளையோருக்கு நாம் என்ன தந்தோம்? நம் பாட்டுகளைப் படித்துக் காட்டினோம், ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டோம். எந்தச் சொல்லில் கால் வழுக்கிற்று, எந்தப் பாட்டை எழுதிக் கிழித்தோம், எந்த உவமையைப் பிறரிடமிருந்து அறியாமல் எடுத்துவிட்டோம் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. உச்சியில் நின்ற கோலத்தையே காட்டினோம். வழியைக் காட்டவில்லை. குறை கூறுவதாகக் கொள்ள வேண்டா. குறையுடையாருள் நானும் ஒருத்தி.

ஆகவே இவ்விழாவில் ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறேன். பதினோராம் ஆண்டு முதல் ஒவ்வொரு திங்களும் மூத்த கவிஞர் ஒருவர் தம் பழுதுபட்ட பாட்டொன்றைக் கொண்டுவந்து, அது பழுதான விதத்தை இளையோர் முன் எடுத்துரைக்க வேண்டும். முதல் கூட்டத்துக்கு என் மலைப்பாட்டையே கொண்டுவருகிறேன். தூக்கைத் தட்டிய அம்மாணவியும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். அவள் எழுதுபவள் என்பது எனக்கு அன்று மலையிறங்கும்போதுதான் தெரிந்தது. மூன்றாண்டுகளாக என் வகுப்பில் அமர்ந்திருந்தவள், ஒரு கவிதையையும் என்னிடம் காட்டத் துணியவில்லை. நான் ஏறி வந்த வழியில் அவளுக்காக ஒரு புல்லையும் முடிந்து வைக்கவில்லை.