சிவப்பு நட்சத்திரம் யாரை வெளியே நிறுத்துது?

இன்னைக்கு நாம பேசப்போறது ஃபார்ம் பத்தி. கோலி ஃபார்ம் இல்லைங்க, ஆன்லைன்ல நிரப்புற ஃபார்ம்.

"சின்ன ஃபார்ம்தானே, சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடலாம்ல?" க்ளையன்ட் இப்படிக் கேட்காத டெவலப்பரே இருக்க முடியாது. பெயர், பிறந்த தேதி, மாவட்டம், போன் நம்பர், சப்மிட். கூகுள் ஃபார்ம்ஸ்ல பத்து நிமிஷ வேலைதான். ஆனா அதை நிரப்பப்போறவர் எங்க இருக்கார்னு ஒரு தடவை யோசிங்க.

ஒரு உதாரணம் எடுத்துக்கலாம். உங்க க்ளையன்ட் ஒரு அறக்கட்டளை. பழங்குடி மாணவர்களுக்கு ஸ்காலர்ஷிப் கொடுக்கிறாங்க. விண்ணப்பிக்கிறது கள்ளக்குறிச்சி மாவட்டம், கல்வராயன் மலையில வெள்ளிமலைப் பக்கம் இருக்கிற ஒரு பொண்ணு. பிறந்தது 2005ல. சமூகம், மலையாளி. கேரளா இல்லை, நம்ம மலைகள்ல வாழுற பழங்குடி மக்களுக்குத்தான் அந்தப் பெயர்.

முதல் கேள்வியே மாவட்டம். டிராப்டவுன்ல ஒண்ணைத்தான் தேர்ந்தெடுக்கலாம். கள்ளக்குறிச்சி மாவட்டம் செயல்பாட்டுக்கு வந்தது 2019 நவம்பர் 26ல. அதுக்கு முன்னாடி அந்த ஊர் விழுப்புரம் மாவட்டம். 1993ல விழுப்புரம் பிரியறதுக்கு முன்னாடி தென் ஆற்காடு. அப்போ பொண்ணோட பிறப்புச் சான்றிதழ்ல விழுப்புரம், இப்போதைய முகவரியில கள்ளக்குறிச்சி, அம்மாவோட பழைய பேப்பர்கள்ல தென் ஆற்காடு. வீடு ஒரு அடி கூட நகரலை. மாவட்டம் மட்டும் மூணு!

உங்க ஃபார்ம் "சான்றிதழும் முகவரியும் பொருந்தவில்லை"ன்னு சிவப்புல காட்டினா, பொய் சொன்னது அந்தப் பொண்ணு இல்லை. ஃபார்ம்தான்.

இது வெறும் முகவரிப் பிரச்சினைன்னு நினைக்காதீங்க. தமிழ்நாட்டுப் பழங்குடியினர் பட்டியல்ல மலையாளிங்கிற பெயர் மாவட்டங்களோட சேர்த்துத்தான் இருக்கு: தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி. இதுல ஈரோடு இல்லை. அதனாலதான் பர்கூர் மலையில இருக்கிற மலையாளி மக்கள் தங்களையும் பழங்குடியா அங்கீகரிக்கச் சொல்லி ரொம்ப காலமா கேட்டுட்டு இருக்காங்க. ஒரு மாவட்டப் பெயர் லிஸ்ட்ல இருக்கிறதுக்கும் இல்லாததுக்கும் நடுவுல ஒரு தலைமுறையோட படிப்பே மாட்டிக்கலாம். டிராப்டவுனும் ஒரு லிஸ்ட்தானே?

சரி, என்ன பண்ணலாம்? "சான்றிதழில் உள்ள மாவட்டம்", "இப்போது வசிக்கும் மாவட்டம்"னு ரெண்டு கேள்வியாப் பிரிங்க. முதல் கேள்வியோட லிஸ்ட்ல பழைய பெயர்களும் இருக்கட்டும். டேட்டாபேஸ்ல வெறும் பெயரைச் சேமிக்காம கோடு வைங்க. ஊராட்சி வரைக்கும் மத்திய அரசோட லோக்கல் கவர்ன்மென்ட் டைரக்டரியில கோடு இருக்கு. அந்தப் பெயர் எந்த வருஷத்துல இருந்து எந்த வருஷம் வரைக்கும்னும் சேர்த்து வைங்க. நாளைக்கு இன்னொரு மாவட்டம் பிரிஞ்சாலும் பழைய பதிவு உடையாது.

அடுத்தது பெயர். "கடைசிப் பெயர்" பெட்டிக்குச் சிவப்பு நட்சத்திரம். நம்ம ஊர்ல இனிஷியல்தானே இருக்கு? ஆளுக்கு ஆள் புள்ளி வைப்பாங்க, இல்லேன்னா பெயரையே திரும்ப எழுதுவாங்க. அப்புறம் ஆதார் பெயரோட பொருந்தலைன்னு ரிஜெக்ட். முழுப் பெயர்னு ஒரே பெட்டி போதும்.

அம்மாவோட பிறந்த தேதி கேட்கிறீங்களா? சரியான தேதி தெரியாம வயசை மட்டும் சொன்னதால ஆதார்ல ஜனவரி 1னு பதிவான எத்தனையோ பேர் இருக்காங்க. "வருஷம் மட்டும் தெரியும்"னு ஒரு ஆப்ஷன் கொடுங்க. அதுக்கும் முன்னாடி க்ளையன்ட்கிட்ட ஒண்ணு கேளுங்க: ஸ்காலர்ஷிப்புக்கு அம்மாவோட பிறந்த தேதி எதுக்கு? 2023ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சம்மதம் வாங்கினாலும் அந்த வேலைக்குத் தேவையான தகவலை மட்டும்தான் எடுக்கணும்னு சொல்லுது. தேவையில்லாத கேள்வியை எடுத்துட்டா பாதிப் பிரச்சினை தீர்ந்துடும்.

மூணாவது, சிக்னல். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்போது டவர் வந்து வந்து போகும்னு வச்சுக்கிட்டே டிசைன் பண்ணுங்க. கூகுள் ஃபார்ம்ஸ்ல ஃபைல் அப்லோடு கேள்வி வச்சா கூகுள் அக்கவுன்ட்ல லாகின் பண்ணியே ஆகணும். நெட் இல்லேன்னா ஃபார்மே திறக்காது. ஓடிகே, கோபோ டூல்பாக்ஸ் மாதிரி கருவிகள்ல போன்லயே நிரப்பிச் சேமிச்சுட்டு, சிக்னல் கிடைக்கும்போது அனுப்பலாம். கேள்விகளை எக்செல் ஷீட்லயே எழுதலாம், தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் தனித்தனி நெடுவரிசை வச்சு. அதே மாதிரி "ஒரு போன் நம்பருக்கு ஒரு விண்ணப்பம்"னு பூட்டாதீங்க. வீட்டுக்கே ஒரே போன் இருந்தா, அக்கா விண்ணப்பிச்சதுக்கு அப்புறம் தம்பி எங்க போவான்?

"இவ்வளவு விட்டுக்கொடுத்தா யார் வேணும்னாலும் ஏமாத்துவாங்களே"ன்னு க்ளையன்ட் கேட்பாங்க. நியாயமான கேள்விதான். சரிபார்க்க வேண்டாம்னு நான் சொல்லலை. சரிபார்க்கிற வேலையை டிராப்டவுன்கிட்ட மட்டும் விடாதீங்கன்னு சொல்றேன். 2006 வன உரிமைச் சட்டத்தோட விதிகளைப் பாருங்க. நிலத்துல இருக்கிறதுக்கான ஆதாரங்கள்ல, ஊர்ப் பெரியவங்க சொல்றதை எழுத்துல பதிவு பண்ணதும் ஒண்ணு. பேப்பர் இல்லாதவங்களுக்கும் ஒரு வழி வேணும்னு அதை எழுதினவங்க யோசிச்சிருக்காங்க. நம்ம ஃபார்ம்ல அந்த வழி, "பொருந்தலைன்னா காரணத்தை எழுதுங்க"ன்னு ஒரு பெட்டி. அதைப் படிக்க ஒரு மனுஷன். அவ்வளவுதான்.

அடுத்த ஃபார்மை அனுப்புறதுக்கு முன்னாடி போனை ஏரோப்ளேன் மோடுல போட்டு ஒரு தடவை நிரப்பிப் பாருங்க. ஒவ்வொரு சிவப்பு நட்சத்திரத்துக்கும் ஒரே கேள்வி: உண்மையைச் சொல்ற ஒருத்தர் இங்க மாட்டிக்குவாரா? ஆமான்னா, நட்சத்திரத்தை எடுத்துடுங்க.

உங்க ஊர்ப் பெயர் எந்த ஃபார்ம்லயாவது கிடைக்காமப் போயிருக்கா? வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல பேசலாம்.