கண் வழியே ஒரு கதவு



ஈசூனில் எங்கள் புளோக்கில் ஓர் அக்கா இருக்கிறார். தீபாவளிக்கு எடுத்த குடும்பப் படத்தில் அவருடைய இடது கண் மட்டும் சற்றே முன்னால் தள்ளித் தெரிந்தது. தூக்கம் போதவில்லை என்று விட்டுவிட்டார். இரண்டு முறை கண்ணாடியை மாற்றினார். கடைசியில் பலதுறை மருந்தகம் அவரை மருத்துவமனைக்கு அனுப்பியது. கண்குழிக்குப் பின்னால், எலும்பை ஒட்டி, மூளை உறையில் ஒரு கட்டி வளர்ந்திருப்பதை எம்ஆர்ஐ படம் காட்டியது. பெரும்பாலும் புற்றுநோயாக இல்லாத, மெதுவாக வளரும் வகைக் கட்டி அது.

“கண்குழி வழியாகவே அதை எட்டும் முறையும் உண்டு” என்றார் மருத்துவர். அக்காவின் காதில் விழுந்ததோ, “கண்ணை எடுத்துவிடுவார்கள்” என்பதுதான். அன்றிரவே என் வீட்டுக் கதவைத் தட்டினார். “நீ டிவியில் இருக்கிறவள், நாலு பேரிடம் கேட்டுச் சொல்லம்மா” என்றார். கேட்டேன், படித்தேன். அதைத்தான் இன்று உங்களிடம் சொல்கிறேன்.

முதலில் ஒன்று: கண்ணை எடுப்பதில்லை. மேல் இமையின் மடிப்பில் சிறு கீறல் போட்டு, கண்ணை மெல்ல ஒதுக்கி, குழியின் பின்சுவர் எலும்பில் ஒரு வழி திறக்கிறார்கள். பென்சிலைவிட மெல்லிய எண்டோஸ்கோப், உள்ளே இருப்பதைத் திரையில் பெரிதாகக் காட்டுகிறது. தழும்பு இமை மடிப்பிலேயே மறைந்துவிடும்.

ஏன் இந்த வழி? மூளை அமர்ந்திருக்கும் தளத்தின் நடுப்பகுதியை மூக்கு வழியாக எட்டலாம். 1907இல் இன்ஸ்புருக் நகரில் ஹெர்மன் ஷ்லோஃபர் என்பவர் அந்தப் பாதையில் பிட்யூட்டரி கட்டியை அகற்றினார். ஆனால் பார்வை நரம்புக்கு வெளிப்பக்கம் இருக்கும் கட்டிக்கு மூக்கு வழி சுற்றுவழி. கண்குழியிலிருந்து அது நேர்வழி. 2010இல், ஈசூனில் கூ டெக் புவாட் மருத்துவமனை திறக்கப்பட்ட அதே ஆண்டில், சியாட்டிலைச் சேர்ந்த கிரிஸ் மோவும் அவருடைய குழுவினரும் இந்த எண்டோஸ்கோப் முறையை விளக்கிக் கட்டுரை வெளியிட்டார்கள்.

அக்காவின் பயத்திற்கும் ஒரு வரலாறு உண்டு. 1946இல் வால்டர் ஃப்ரீமன் என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர், மனநோயைத் தீர்ப்பதாகச் சொல்லி, கண்குழி வழியே கூரிய கருவியைச் செலுத்தி மூளையின் இணைப்புகளை அறுக்கத் தொடங்கினார். எதையும் பார்க்காமலே செய்தார். பலருடைய வாழ்க்கை அதில் சிதைந்தது. கதவு அதே பக்கம்தான். அன்று கையில் விளக்கு இல்லை, இன்று இருக்கிறது. நோக்கமும் வேறு.

இருந்தாலும் இது மாயவித்தை அல்ல. இமை வீங்கலாம், தொங்கலாம். சில காலம் இரட்டையாகத் தெரியலாம். நெற்றி மரத்துப்போகலாம். மூளைநீர் கசியலாம், அரிதாகப் பார்வையும் பாதிக்கப்படலாம். பெரிய கட்டிக்கோ, முக்கிய ரத்தக் குழாயைச் சுற்றிய கட்டிக்கோ மண்டையோட்டைத் திறப்பதே நல்லதாக இருக்கலாம்.

அக்காவும் நானும் ஒரு தாளில் நான்கு கேள்விகள் எழுதினோம். என் கட்டிக்கு ஏன் இந்த வழி? இதை நீங்கள் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? நரம்பு அறுவை மருத்துவரும் கண் மருத்துவரும் சேர்ந்து செய்வீர்களா? செய்யாமல் காத்திருந்தால் என்ன ஆகும்? அடுத்த வாரம் அந்தத் தாளோடு அவர் போகிறார். எந்த வழி என்று இன்னும் முடிவாகவில்லை. ஆனால் பயந்துபோய் வேண்டாமென்று சொல்லப்போவதில்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு கண் மட்டும் துருத்தினாலோ, மங்கினாலோ, பொருள்கள் இரட்டையாகத் தெரிந்தாலோ கண்ணாடிக் கடையோடு நிற்காதீர்கள். காரணம் தைராய்டாகவும் இருக்கலாம், பெரும்பாலும் கட்டி இருக்காது. ஆனாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டில் பழைய படங்கள் இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். மெல்ல வரும் மாற்றத்தைக் கண்ணாடி காட்டாது, படம் காட்டும்.