சாவியைக் கொடுக்கும் நாள்



மே மாதம் வீடு மாறும் மாதம். பிள்ளைகளின் படிப்புக்காக நம் ஊரிலிருந்து தூத்துக்குடிக்குக் குடிபோகும் குடும்பங்கள் உண்டு. புது வீட்டுக்குப் போகும்போது நாம் எவ்வளவு கவனமாக இருக்கிறோம்! வெள்ளையடித்திருக்கிறதா, தண்ணீர் வருகிறதா என்று பார்க்கிறோம். கழுவித் துடைத்து, சிலுவையை மாட்டி, பால் காய்ச்சி, சாமியாரை அழைத்து மந்திரிக்கிறோம். ஆனால் விட்டுப் போகிற வீடு? வண்டி வாசலில் நிற்கிறது, குப்பை மூலையில் கிடக்கிறது, சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறோம்.

இதை உங்களுக்கு மட்டும் சொல்லவில்லை. எங்களைப் போன்ற அருட்பணியாளர்களுக்கும் மாற்றல் வருவது பெரும்பாலும் இந்த நாள்களில்தான். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பங்கிலிருந்து அவசரமாகக் கிளம்பினோம். அறை நிறையப் பழைய தாள்கள், காலி மருந்துப் புட்டிகள், அடைத்துக்கொண்ட கழுவுதொட்டி. எல்லாவற்றையும் அப்படியே விட்டு வந்தோம். எங்களுக்குப் பின் வந்தவர் வயதானவர். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோயில்பிள்ளைதான் பிறகு ஒருநாள் சொன்னார்: “சாமி, புதுச் சாமி மொத நாள் ராத்திரி பூரா வெளக்குமாறோடதான் நின்னாங்க.” அன்பைப் பற்றி அந்தப் பங்கில் எத்தனையோ மறையுரை ஆற்றியிருந்தோம். கடைசி மறையுரையை அந்த அறை ஆற்றிவிட்டது.

லேவியர் நூல் 14ஆம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். ஒரு வீட்டுச் சுவரில் பூசணம் போன்ற கறை தோன்றினால் வீட்டுக்காரர் குருவிடம் வந்து சொல்ல வேண்டும். குரு வந்து பார்ப்பார். 7 நாள் வீட்டை அடைத்து வைப்பார். கறை பரவியிருந்தால் அந்தக் கற்களைப் பெயர்த்து, சுவரைச் சுரண்டி, புதிதாகப் பூச வேண்டும். ஒரு வீட்டின் சுவர்கூடக் கடவுளுக்கு முன் கவனத்திற்குரிய காரியம்.

புனித பவுலும் வாடகை வீட்டில் இருந்தவர்தான். உரோமையில், ஒரு படைவீரரின் காவலில், வாடகை வீட்டில் 2 ஆண்டுகள் முழுவதும் தங்கினார். தம்மிடம் வந்த அனைவரையும் வரவேற்றார். திருத்தூதர் பணிகள் நூல் அந்த வீட்டில்தான் முடிகிறது. நமக்குச் சொந்தமில்லாத வீட்டிலும் நற்செய்தி குடியிருக்க முடியும்.

நம் மக்களுக்கு இதில் ஒரு வேதனையும் உண்டு. கடற்கரைக்காரர் என்றதும், “மீன் வாடை அடிக்கும், வீடு இல்லை” என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது அநீதி. நாம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அது அநீதிதான். ஆனாலும், நாம் துடைத்துக் கொடுக்கும் வீடு, நாளை அதே கதவைத் தட்டப்போகும் நம் ஊர்ப் பிள்ளைக்காக நாம் பேசும் சாட்சி.

வீட்டு உரிமையாளர்களுக்கும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளாவிட்டால், சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு சன்னல்களுக்கு வண்ணம் பூசுவதும் உரிமையாளர் பொறுப்பு. சாக்கடை அடைப்பு, குழாய், சுவிட்சு போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. சுவரில் ஓர் ஆணித் துளையைக் காட்டி, ஓர் ஏழையின் முன்பணத்தைப் பிடித்துக்கொள்வதும் அழுக்குதான். அதை எந்தச் சோப்பும் கழுவாது.

அன்பார்ந்தவர்களே, தங்கு கடல் போய்த் திரும்பும் படகை, மீனை இறக்கியதும் கழுவிவிட்டுத்தானே நம் ஆட்கள் வீட்டுக்குப் போகிறார்கள்? அடுத்து ஏறுகிறவர் வேறு ஆளாகக்கூட இருக்கலாம். அதே பழக்கம் வீட்டுக்கும் வரட்டும். நாம் முகம் பார்க்கப்போகாத அயலாருக்குச் செய்வதில் நன்றியும் இல்லை, பாராட்டும் இல்லை. அன்பு மட்டுமே இருக்கிறது.

கிளம்பும் நாளில் வீட்டைப் பெருக்குங்கள், கழிவறையைக் கழுவுங்கள், மின்கட்டணப் பாக்கியைத் தீருங்கள். பிறகு, காலியான அந்த வீட்டில் குடும்பமாக ஒரு நிமிடம் நின்று செபியுங்கள்: “ஆண்டவரே, இத்தனை நாள் இங்கே எங்களைக் காத்தீர், நன்றி. அடுத்து இங்கே வருகிறவர்கள் யாராக இருந்தாலும் அவர்களை ஆசீர்வதியும்.” ஆமென்.