துபாயில் ஐந்து நாள்

(கிழக்கேகோட்டையில் நடந்த குடும்ப சங்கமத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"துபாய் போயிட்டு வந்தேளே, பத்து நிமிஷம் பேசுங்கோ" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நேரம் தாண்டினால் நம் மேத்தன் மணியின் இரண்டு ஆடுகளைப் போல இரண்டு பக்கமும் வந்து என் கன்னத்தில் முட்டலாம். ஆட்சேபணை இல்லை.

2024 டிசம்பரில் நானும் என் ஆத்துக்காரியும் பிள்ளையிடம் போயிருந்தோம். அவனுக்குக் கிடைத்த லீவு ஐந்து நாள். எனவே எங்கள் சுற்றுலாவும் ஐந்து நாள். பெட்டியில் போளி, சக்கவரட்டி, நேந்திரங்காய் வறுவல் எல்லாம் ஏறின. நாட்டுப்பெண் மட்டும் போனில், "அம்மா, கசகசா வேண்டாம்" என்று இரண்டு தடவை சொன்னாள். கசகசா அந்த நாட்டில் தடை செய்யப்பட்ட பொருள். போகிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மருந்து மாத்திரை எடுத்துப் போனால் டாக்டர் எழுதிய சீட்டும் கூடவே இருக்கட்டும்.

நம் பத்மநாபசுவாமி ஆராட்டுக்கு சங்குமுகம் போகும்போது விமானங்களை நிறுத்தி வழி விடுகிற அதே ரன்வேயிலிருந்து கிளம்பினோம். ஏறக்குறைய நாலு மணி நேரத்தில் துபாய்.

முதல் இரண்டு நாள் கண் கூசியது. 2009 செப்டம்பரில் ஓட ஆரம்பித்த மெட்ரோ ரயிலில் டிரைவர் கிடையாது. முன் பெட்டியில் கண்ணாடி ஓரமாக நின்று நானே ஓட்டுவது போல வந்தேன். துபாய் மாலில் ஒரு பெரிய மீன் தொட்டி, அதில் சுறா நீந்துகிறது. வெளியே நீரூற்று பாட்டுக்கு ஆடுகிறது. "எத்தனை கரண்ட் செலவாகும்!" என்றாள் ஆத்துக்காரி.

மூன்றாம் நாள் புர்ஜ் கலீஃபா. 2010 ஜனவரியில் திறந்தது. உயரம் 828 மீட்டர், 163 மாடி. நம் கோயில் கோபுரம் 100 அடி என்றால் அதைப்போல் இருபத்தேழு கோபுரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்க வேண்டும். 124ஆம் மாடிக்கு லிஃப்ட் ஒரே நிமிஷத்தில் போகிறது. காதுதான் அடைக்கிறது.

அங்கே நின்று அஸ்தமனம் பார்த்தபோது பிள்ளை ஒரு விஷயம் சொன்னான். அந்தக் கட்டடத்தில் உயரே இருப்பவர்களுக்கு சூரியன் சற்று நேரம் கூடுதலாகத் தெரியும். அதனால் 2011 ரமலானில், 80ஆம் மாடிக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு நிமிஷமும், 150க்கு மேல் இருப்பவர்கள் மூன்று நிமிஷமும் தாமதித்து நோன்பு திறக்க வேண்டும் என்று அவ்வூர் மத அறிஞர் அறிவித்தாராம். "அப்போ சாயம் சந்தியா அர்க்யம்?" என்று கேட்டேன். "அப்பா, முதல்ல கீழே போலாம்" என்றான்.

இதுவரை சொன்னது எந்த டூர் புத்தகத்திலும் இருக்கும். நான் சொல்ல வந்தது நாலாம் நாள் கதை.

என் அண்ணா 1975ல் பம்பாயிலிருந்து 'த்வாரகா' என்ற கப்பலில் துபாய் போனான். ஸ்டெனோ வேலை. அவன் அனுப்பிய பணத்தில்தான் இரண்டு தங்கைகளுக்கும் கல்யாணம் நடந்தது. 1979ல் அப்பா காலமானார். தந்தி கொடுத்தோம், அண்ணா வரவில்லை. மூத்த பிள்ளை செய்ய வேண்டிய காரியம் பதின்மூன்று நாளும் நான் செய்தேன். "பணம் வந்தா பந்தம் போயிடும்" என்று தெருவில் ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. நானும் அப்படியே நினைத்துக்கொண்டேன். அண்ணா 1996ல் ஊர் திரும்பி, 2011ல் போகும் வரை, நான் அவனிடம் மரியாதையாகப் பேசினேன். அவ்வளவுதான். மனசு விட்டுப் பேசவில்லை.

நாலாம் நாள் காலை, கராமா பகுதியில் பிள்ளையின் சிநேகிதன் வீட்டில் டிபன். அவன் அப்பா பாலக்காட்டுக்காரர், அந்தக் காலத்திலேயே துபாயில் வேலை பார்த்தவர். "கிழக்கேகோட்டையா? அங்கேருந்து ஒருத்தர் என் ரூம்ல இருந்தாரே" என்றார். பேர் சொன்னார். என் அண்ணா!

"ஒரு ரூம்ல எட்டுப் பேர். உம்ம தந்தி கைக்கு வந்ததே நாலாம் நாள். பாஸ்போர்ட் கம்பெனிக்காரன்கிட்ட. காண்ட்ராக்ட் முடியாம தர மாட்டேன்னுட்டான். உம்ம அண்ணா அன்னிக்கு சாப்பிடலை. பத்தாம் நாள் வரைக்கும் விடிகாலைல க்ரீக் கரையில குளிச்சுட்டு எள்ளும் ஜலமும் விட்டார். எள்ளு வாங்க நான்தான் படகுல அக்கரை தேராவுக்குப் போனேன்" என்றார்.

அன்றைக்கு டிக்கெட் வாங்கி வைத்திருந்த வேறு இடத்துக்கு நாங்கள் போகவில்லை. "என்னை க்ரீக்குக்கு அழைச்சுண்டு போ" என்றேன். பர் துபாயிலிருந்து தேராவுக்கு அப்ரா என்ற மரப்படகு இன்றும் ஓடுகிறது. கட்டணம் ஒரு திர்ஹம். நடுப் பலகையில் முதுகோடு முதுகாக உட்கார வேண்டும். பக்கத்தில் இருந்தவர்கள் வேலை முடிந்து வரும் தொழிலாளிகள். மலையாளம், தமிழ், ஹிந்தி எல்லாம் காதில் விழுந்தது. அந்த உயர்ந்த கட்டடங்களைக் கட்டிய கைகள் இவர்களைப் போன்றவர்களுடையவைதான் என்று அப்போதுதான் உறைத்தது. தேரா பக்கம் மசாலாக் கடைத் தெருவில் மூட்டை மூட்டையாகச் சாமான். எள்ளும் இருந்தது. நான் பேசாமல் நின்றேன். பிள்ளையும் ஒன்றும் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் ஜெபல் அலியில் 2022ல் திறந்த கோயிலில் சேவித்துவிட்டு விமானம் ஏறினோம்.

ஊர் வந்ததும் மன்னியிடம் போய்ச் சொன்னேன். "எனக்குத் தெரியும்" என்றாள். "கம்பெனி இப்படின்னு தெரிஞ்சா அம்மா திரும்பி வரச் சொல்லிடுவா, தங்கை கல்யாணம் நின்னுடும், சொல்லாதேன்னார். அப்புறம் உங்க முகத்தைப் பார்த்தா சொல்லத் தோணலைன்னார்."

என் முகத்தைப் பார்த்து! முப்பத்திரண்டு வருஷம் நான் வைத்திருந்த முகம்.

மகாளயத்தில் காருண்ய பித்ருக்கள் வரிசையில் அண்ணா பேரை வருஷா வருஷம் சொல்லி வந்தேன், வாத்தியார் சொல்லச் சொன்னதால். 2025ல் நானாகச் சொன்னேன்.

நம்மில் அநேகமாக எல்லா வீட்டிலும் பம்பாய்க்கோ, கல்கத்தாவுக்கோ, வளைகுடாவுக்கோ போய் சம்பாதித்துப் போட்ட ஒருவர் இருப்பார். அவர் இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து, "அங்கே எப்படி இருந்தேள்?" என்று கேளுங்கள். வெளியூர் பார்க்கப் போகிறவர்கள், பளபளப்பெல்லாம் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு நாள் மட்டும் நம்மவர்கள் குடியிருந்த தெருவுக்கு ஒதுக்குங்கள்.

பத்து நிமிஷம் ஆகிவிட்டது.